வடகத்துக்குப் பார்த்த மேகம்



சென்ற இதழில் கூழ் வடகம் பிழிவது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். "ஜவ்வரிசி எத்தனை ஆழாக்கு, உப்பு எவ்வளவுன்னு எல்லாம் எழுதினீங்க. அந்த வருஷம் வடகம் பிழிஞ்ச அன்னைக்கு மொட்டை மாடியிலே நடந்ததை மட்டும் விட்டுட்டீங்களே, அக்கா?" என்று கேட்டாள்.

விட்டுவிட்டேன்தான். எழுதக் கூச்சமாக இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், வளரும் பெண் பிள்ளைகளை வைத்திருக்கும் உங்களுக்கு வடகத்தைவிட அதுதான் அதிகம் பயன்படும் என்று தோன்றுகிறது. அதனால் மனதைத் தேற்றிக்கொண்டு எழுதுகிறேன்.

தங்கை சொன்னது 2025 ஏப்ரல் மாதத்தில் நடந்தது. அப்போது என் மூத்த மகள் சேலத்தில் தங்கி, கமலாபுரத்தில் இருக்கும் விமான நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். வயது இருபது. ஆமாம், பெண்தான். விமானப் பணிப்பெண் வேலைக்கா என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை, ஓட்டுவதற்கே!

அவள் முதன்முதலில் ஆசையைச் சொன்னபோது வீட்டில் பெரிய ரகளை. என் மாமியார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பயம் வேறு விதம். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க நாற்பது, ஐம்பது லட்சம் ஆகிவிடும். கரூரில் ஜவுளி வேலையில் இருக்கும் குடும்பம் நாங்கள். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் கடன் வாங்கினோம். கையெழுத்துப் போட்ட அன்று இரவு நான் தூங்கவில்லை.

விவரம் கேட்கும் சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கமர்ஷியல் லைசென்ஸுக்குக் குறைந்தது 18 வயது ஆக வேண்டும். டாக்டர் பரிசோதனை மிகக் கடுமை. கண்ணாடி போட்டால் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு. கண்ணாடி போட்டுப் பார்வை சரியானால் போதும், ஆனால் நிறங்களைப் பிரித்தறியத் தெரிய வேண்டும். என் மகளும் கண்ணாடிக்காரிதான். பரீட்சைகள் தவிர மொத்தம் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பேற்றுப் பறந்தது. அந்த நூறில் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போகும் பயணம். இதை அவர்கள் 'கிராஸ் கன்ட்ரி' என்கிறார்கள். அவற்றில் ஒன்று குறைந்தது 300 கடல் மைல் தூரமாவது இருக்க வேண்டும். வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் முழுதாக இறங்கி நின்று கிளம்ப வேண்டும். ஒரு கடல் மைல் என்பது நம் கணக்கில் 1.852 கிலோமீட்டர். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர் கிடையாது. பேச்சுத் துணைக்குக்கூட ஆள் கிடையாது.

அந்த 300 மைல் பயணத்துக்கு அவளுக்குக் கொடுத்த வழி இது: சேலத்திலிருந்து திருச்சி, திருச்சியிலிருந்து தூத்துக்குடி, அங்கிருந்து நேரே வடக்கு நோக்கிச் சேலம். சுமார் 385 கடல் மைல். மேப்பில் தூத்துக்குடியையும் சேலத்தையும் ஒரு கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். அருப்புக்கோட்டை, மதுரை, சிறுமலை என்று வந்து, கோடு எங்கள் கரூரின் மேலேயே போகும்!

இது போதாதா எனக்கு? "உங்க வீட்டு மேலேதான் வருவேன், அம்மா" என்று அவள் சொன்னதுதான் தாமதம், நான் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். நாத்தனார், ஓரகத்தி, எதிர் வீட்டு டீச்சர் என்று ஒரு கூட்டத்தையே மொட்டை மாடிக்கு அழைத்தேன். பால் பாயசம் வைத்தேன். பேரன் பிறந்த வீடு மாதிரி இருந்தது எங்கள் வீடு.

அந்தப் பயணத்துக்கு அவள் செய்த ஏற்பாட்டைச் சொன்னால், நாம் ஒரு கல்யாணச் சமையலுக்குப் போடும் பட்டியல்கூடத் தோற்றுப் போகும். முந்தின நாளே மேப்பில் கோடு கிழித்து, எந்த நிமிஷத்தில் எந்த ஊர் கண்ணில் பட வேண்டும் என்று எழுதி வைக்கிறாள். திருச்சிக்குப் போகும்போது முதலில் கொல்லிமலை, பிறகு துறையூர், அப்புறம் கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் படகு மாதிரி ஸ்ரீரங்கம். தூத்துக்குடிக்குப் போகும்போது சிவகங்கை, மானாமதுரையில் ரயில் பாதைகள் சேரும் இடம். ஒரு டிகிரி தப்பினால் 60 மைல் போவதற்குள் ஒரு மைல் விலகிவிடுமாம்.

காற்று வேறு பக்கவாட்டில் தள்ளும். "அதுக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "நம்ம ஊர் ஆத்துல பரிசல்காரர் என்ன பண்ணுவார்? அக்கரையிலே நேரா இருக்கிற படித்துறைக்குப் போகணும்னா, கொஞ்சம் மேலே பார்த்துத்தானே துடுப்பு போடுவார்? அதேதாம்மா" என்றாள். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

கிளம்பும் காலையில் வானிலை அறிக்கை பார்க்க வேண்டும். விமானப் படையிடமிருந்து ஓர் அனுமதி எண், தகவல் மையத்திலிருந்து இன்னோர் எண் வாங்க வேண்டும். எரிபொருள் டாங்கிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் வடித்து, அடியில் தண்ணீர் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பால்காரரிடம் நாம் பார்ப்பது போலத்தான்! போய்ச் சேரத் தேவையானதற்கு மேல் அரை மணி நேரத்துக்காவது எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தன் உடம்பையும் அவள் சோதித்துக்கொள்ள வேண்டும். சளி இருக்கிறதா, ஏதாவது மாத்திரை சாப்பிட்டோமா, தூங்கினோமா, சாப்பிட்டோமா, மனதில் ஏதாவது கவலை இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டுமாம். மூக்கடைப்போடு மேலே போனால் இறங்கும்போது காது வலி உயிர் போய்விடும். சளி மாத்திரையோ தூக்கம் வரவழைக்கும். நம் வீட்டுப் பெண்களில் எத்தனை பேர் காலையில் எழுந்ததும் இப்படித் தன்னைக் கேட்டுக்கொள்கிறோம், சொல்லுங்கள்? அந்தப் பட்டியலில் 'கவலை' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

அன்று காலை எட்டு மணிக்குச் சேலத்திலிருந்து கிளம்பினாள். முன்னால் ஒரே ஒரு விசிறி வைத்த சின்ன விமானம். மணிக்கு சுமார் 185 கிலோமீட்டர் வேகம். அதில் கழிப்பறை கிடையாது. ("பாத்ரூம் வந்தா என்ன கண்ணு பண்ணுவே?" என்று நான் கேட்டதற்கு, "அதுக்குத்தாம்மா நடுவிலே ரெண்டு இடத்துல இறங்கறேன்" என்று சிரித்தாள்.) ஒன்பதுக்குள் திருச்சியிலிருந்து போன் வந்தது. பதினொன்றரைக்குத் தூத்துக்குடியிலிருந்து வந்தது. பிற்பகல் இரண்டு மணிக்குள் கரூருக்கு மேலே வந்துவிடுவேன் என்றாள். பிறகு, கிளம்பத் தாமதமாகிறது, மூன்று மணி ஆகலாம் என்று செய்தி அனுப்பினாள்.

அன்றைக்குத்தான் நான் வடகமும் பிழிந்திருந்தேன். விருந்தாளிகள் வருவதற்கு முன் விடியற்காலையிலேயே கூழ் கிண்டி, பழைய வேட்டியை விரித்து மாடி பூராவும் பிழிந்து வைத்திருந்தேன். நல்ல வெயில். ஆனால் இரண்டரை மணி வாக்கில் காற்று மாறியது. தெற்கே திண்டுக்கல் பக்கம் பஞ்சு மூட்டைகளை அடுக்கியது போல மேகம் எழும்பி, அடியில் கறுத்துக்கொண்டு வந்தது. சித்திரை மாதத்து மேகத்தை நம்பக் கூடாது என்று நமக்குத் தெரியாதா? "அடியே, வடகம் நனைஞ்சிடும், எடுங்கடி!" என்று கத்தி, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வேட்டியோடு சுருட்டிக் கீழே கொண்டு போனேன். பாதி காய்ந்ததோ காயாததோ, பார்க்கவில்லை. காலை முழுக்கப் பட்ட பாடு வீணாகுமே என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மழை வருகிறது, எடுத்தாக வேண்டும். அவ்வளவுதான்.

வடகத்தைப் பத்திரப்படுத்திவிட்டு மறுபடி மாடிக்கு வந்து, அதே மேகத்தைப் பார்த்துக்கொண்டு என் மகளுக்காகக் காத்திருந்தேன்!

மூன்று மணி ஆயிற்று. மூன்று பத்து ஆயிற்று. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். எதிர் வீட்டு டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். என் ஓரகத்தி, "வருமா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டாள், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. போன் போட்டால் எடுக்கவில்லை. மூன்றே காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"அம்மா, நான் மதுரையிலே இறங்கிட்டேன். முன்னாலே மேகம் அதிகமா இருந்துச்சு, திரும்பிட்டேன்."

ஒரு தாய் அப்போது என்ன கேட்க வேண்டும்? நான் கேட்டது இதுதான்: "என்ன கண்ணு இப்படிப் பண்ணிட்டே? இன்னும் அரை மணி நேரம்தானே? கொஞ்சம் சுத்தியாவது வந்திருக்கலாமே? இங்கே எல்லாரும் வெயிலிலே நிக்கிறாங்க. இனிமே மறுபடியும் முதல்லேருந்து பறக்கணுமா? எவ்வளவு செலவு ஆகும்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

நான் கீழே வந்து என் மாமியாரிடம் பொருமினேன். விமானப் படிப்பே வேண்டாம் என்று இரண்டு நாள் பேசாமல் இருந்த அதே மாமியார், என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏம்மிணி, புள்ள சாப்பிட்டுச்சான்னு கேட்டியா?" என்றார்.

கேட்கவில்லையே!

நாலரை மணிக்குக் கரூரில் மழை பிடித்துக்கொண்டது. மழையா அது? சூறைக் காற்று. பக்கத்து வீட்டுத் தகரக் கூரை பறந்து வந்து தெருவில் விழுந்தது. கரண்ட் போய்விட்டது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஆலங்கட்டி வேறு. இருட்டில் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, மூலையில் சுருட்டி வைத்திருந்த அந்த வடக வேட்டியைப் பார்த்தேன். வடகத்துக்குப் பார்த்த மேகத்தை மகளுக்குப் பார்க்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அழுகை வந்துவிட்டது. அப்புறம் அவளைக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டேன். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் மேகத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்ததாம். மதுரையிலிருந்து கிளம்பிப் பத்திரமாகச் சேலம் போய்ச் சேர்ந்தாள். ஒரே மூச்சில் முடியாததால், பயணத்தை முழுதாக மறுபடி செய்ய வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். ஆனால் பறந்த நேரம் எதுவும் வீணில்லை, 200 மணிக் கணக்கில் அப்படியே சேர்ந்துவிடுகிறது. செலவு என்று நான் அலறியதில் பாதி என் அறியாமை!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னைக்கு என்ன ஆச்சு, கண்ணு?" என்று நானே கேட்டேன். அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன்.

வெளியே பார்த்து ஓட்டும் பயிற்சியில் இருப்பவர்கள் மேகத்துக்குள் நுழையவே கூடாது. பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி தள்ளியே இருக்க வேண்டும். முன்னால் 5 கிலோமீட்டராவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இடி மேகம் என்றால் இருபது மைல் தள்ளிப் போவது நல்லது. அதற்குள்ளே காற்று ஒரு பக்கம் மேலே தூக்கும், இன்னொரு பக்கம் கீழே அமுக்கும். சின்ன விமானம் முறத்தில் போட்ட அரிசி மாதிரி.

"மேகம் மெத்துனுதானே இருக்கும், உள்ளே போனா என்ன ஆயிடும்?" என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன காரணம் நம் ஆரோக்கியப் பகுதிக்கே பொருந்தும். நம் காதுக்குள்ளே வளையம் வளையமாக மூன்று குழாய்கள், அவற்றில் திரவம். தலை திரும்பும்போது திரவம் பின்தங்கும். அதை வைத்துத்தான் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரிகிறது. ஒரு வாளித் தண்ணீரை மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள். முதலில் தண்ணீர் நிற்கும், வாளி சுற்றும். பிறகு தண்ணீரும் வாளியோடு சேர்ந்து சுற்ற ஆரம்பித்துவிடும். காதுக்குள்ளும் அப்படித்தான். விமானம் மெதுவாகச் சாய்ந்து வட்டம் போட்டுக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் நேராகப் போகிறோம் என்றே உடம்பு சொல்லும். வெளியே பூமி தெரிந்தால் கண் அதைத் திருத்திவிடும். மேகத்துக்குள்ளே எல்லாம் வெள்ளை, கண்ணுக்குப் பிடி இல்லை. நிமிர்ந்து போவதாக நினைத்துக்கொண்டே சுழன்று இறங்கிவிடுவார்களாம். அதற்கென்று இருக்கும் கருவிகளை நம்பி ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும்.

1954இல் அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி செய்தார்களாம். கருவி பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து விமானம் ஓட்ட வைத்தார்கள். பக்கத்தில் தேர்ந்த விமானி இருந்ததால் ஆபத்தில்லை. இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். ஒருவர் 20 வினாடியிலேயே; அதிகம் தாக்குப் பிடித்தவர் 480 வினாடி. சராசரி 178 வினாடி. மூன்று நிமிஷம்கூட இல்லை! பால் பொங்குவதற்கே அதைவிட நேரமாகும். பிறகு அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: அப்படியே நிதானமாக 180 டிகிரி திரும்பி, வந்த வழியே வெளியே வருவது. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பின்னால் நல்ல வானம் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியும். அதனால் திரும்புவது. அதைக் கற்றுக்கொண்ட பிறகு அவர்களால் தப்பித்து வர முடிந்ததாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு சொன்னாள்: "மதுரையைத் தாண்டி சிறுமலை மேலே அந்தக் கறுப்பைப் பார்த்ததுமே திரும்பணும்னு தெரிஞ்சுடுச்சும்மா. ஆனா உடனே திரும்பலை. நீங்க எல்லாரும் மொட்டை மாடியிலே நிக்கிறது கண்ணு முன்னாலே வந்துச்சு. அத்தை, சித்தி, டீச்சர் எல்லாரும் வந்திருப்பாங்களே, கடன் வேற இருக்கேன்னு நினைச்சேன். சரி, கொஞ்சம் போய்த்தான் பார்ப்போம்னு இன்னும் ரெண்டு நிமிஷம் போனேன்."

ரெண்டு நிமிஷம்!

நூற்றெழுபத்தெட்டு வினாடியில் நூற்றிருபதைக் கழித்தால் என்ன மிச்சம் என்று நான் கணக்குப் போடவில்லை. போடத் தைரியம் இல்லை. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன். அவள் மேகத்துக்குள் நுழையவில்லை, நல்ல வேளை. விளிம்புக்கு முன்னாலேயே, விமானம் குலுங்க ஆரம்பித்ததும் திரும்பிவிட்டாள். ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தை அவளுக்குக் கொடுத்தது யார்? காற்றா, மேகமா? பாயசம் வைத்துக்கொண்டு மாடியில் காத்திருந்த நான்தான்.

பயிற்சியாளரிடமும் அவள் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். அவர் திட்டவில்லையாம். "திரும்பினது சரி. ரெண்டு நிமிஷம் லேட். அடுத்த முறை அந்த ரெண்டு நிமிஷமும் வேண்டாம்" என்றாராம். எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்ற அவசரமும், யாரோ காத்திருக்கிறார்களே என்ற எண்ணமும் எத்தனையோ நல்ல விமானிகளைச் சாய்த்திருக்கிறதாம். அதனால்தான் அந்தப் பட்டியலில் 'கவலை' என்ற சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கவலையை அன்று அவள் மடியில் வைத்து அனுப்பியது நான். தனியாகப் பறந்தாள் என்கிறோம். எங்கே தனியாகப் பறந்தாள்? கரூர் மொட்டை மாடியில் இருந்த எல்லோரும் பக்கத்து இருக்கையில் அல்லவா உட்கார்ந்திருந்தோம்!

என் மகள் எனக்கு ஒரு கதை சொல்வாள். சரளா தக்ரால் என்று ஒரு பெண்மணி. 1936இல், தம் 21ஆவது வயதில், லாகூரில் புடவை கட்டிக்கொண்டு 'ஜிப்ஸி மாத்' என்ற விமானத்தைத் தனியாக ஓட்டி லைசென்ஸ் வாங்கியவர். அப்போது அவருக்கு நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை! 1939இல் கணவர் விமான விபத்தில் இறந்துவிட்டார். அவர் கமர்ஷியல் லைசென்ஸுக்கு முயன்றபோது உலக யுத்தம் வந்து, பயிற்சியே நின்றுபோனது. அவர் ஓவியம் படித்தார். பிரிவினைக்குப் பின் டெல்லிக்கு வந்து, துணியிலும் நகையிலும் வடிவமைப்பு செய்து நன்றாக வாழ்ந்து 2008இல் மறைந்தார். அந்த வழி அடைத்தபோது அவர் வேறு வழியில் திரும்பினார். அவரைத் தோற்றவர் என்று யாராவது சொல்கிறார்களா? முன்னோடிப் பெண் விமானி என்றுதானே கொண்டாடுகிறோம்!

நாம் பெண் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்து என்ன சொல்லி வளர்க்கிறோம்? "தொட்டதை விடாதே", "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போ", "நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றுதான். விடாமுயற்சி வேண்டும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் "முடியலேன்னா திரும்பி வா, கதவு திறந்திருக்கும்" என்று எத்தனை பேர் வாய் விட்டுச் சொல்லியிருக்கிறோம்? எடுத்த படிப்பு ஒத்து வரவில்லை என்று ஒரு பெண் சொல்லலாம். வேலைக்குப் போன இடத்தில் சூழ்நிலை சரியில்லை என்று சொல்லலாம். புகுந்த வீட்டில் தாங்க முடியவில்லை என்றும் சொல்லலாம். முன்னால் மேகம் கறுத்திருப்பது அவள் கண்ணுக்குத்தான் தெரியும். இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கு, செலவழித்த பணமும் காத்திருக்கும் உறவினரும்தான் தெரிகிறார்கள். அவள் போன் செய்யும்போது நாம் கேட்கும் முதல் கேள்வி, அவள் அடுத்த முறை எப்போது திரும்புவாள் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. "ஏன் திரும்பினே?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அடுத்த முறை இரண்டு நிமிஷம் கூடுதலாகப் போய்ப் பார்ப்பாள்.

மே மாதம் அவள் மறுபடி கிளம்பினாள். அதே வழி, அதே தூரம். இந்த முறை நான் யாரிடமும் சொல்லவில்லை. "எந்த நாள், எத்தனை மணின்னு எனக்குச் சொல்ல வேண்டாம் கண்ணு. இறங்கினப்புறம் சொன்னாப் போதும். எங்கே இறங்கினாலும் சரி" என்று சொல்லி வைத்தேன். சொல்வது சுலபமாக இல்லை. சொன்ன பிறகு பொறுத்திருப்பது அதைவிடக் கஷ்டம். அந்த வாரம் முழுக்க வானத்தில் என்ன சத்தம் கேட்டாலும் கை வேலை நின்றுவிடும். ஆனால் மாடிக்கு மட்டும் ஏறவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம், இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"அம்மா, சேலத்திலே இறங்கிட்டேன். முடிஞ்சுடுச்சு."

"சாப்பிட்டியா, கண்ணு?" என்று கேட்டேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "என்ன சொல்றா?" என்று கேட்டார். சொன்னேன். "பாயசம் வை" என்றார்.

இப்போது அவள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வேலைக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறாள். கடன் இன்னும் இருக்கிறது. மாதா மாதம் கட்டுகிறோம். அதைப் பற்றி அவளிடம் பேச வேண்டியிருந்தால், அவள் தரையில் இருக்கும்போது, சாப்பிட்ட பிறகு பேசுகிறேன்.

ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன், சகோதரிகளே. உங்கள் வீட்டில் பரீட்சைக்கோ, வேலைக்கோ, வெளியூருக்கோ கிளம்பும் பிள்ளை இருந்தால், வாசலில் நின்று "ஜெயிச்சுட்டு வா" என்று சொல்லும்போது, கூடவே "எப்படி வந்தாலும் வா" என்றும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

அந்த வடகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மறுநாள் வெயிலில் மறுபடி விரித்தேன். கொஞ்சம் ஒட்டிக்கொண்டது, வடிவம் கோணல்தான். பொரித்தபோது நன்றாகத்தான் பொரிந்தது.

அடுத்த இதழில் சந்திப்போம்.